சத்தந்தின்னி

தறிக்காட்டுப்பாளையத்தில் சத்தம் நின்றுபோனால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், மின்கம்பத்தைத்தான் பார்ப்பார்கள். காவிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, ராத்திரி பகல் என்றில்லாமல் டக்கடக்கா டக்கடக்கா என்று ஒரே இரைச்சல், அந்த இரைச்சலில்தான் குழந்தைகள் தூங்கும், அந்த இரைச்சலில்தான் வயசானவர்கள் கண்ணயர்வார்கள், அது நின்றால் எல்லாரும் பதறி எழுந்து உட்கார்ந்து "கரண்டு போயிருச்சா?" என்று கேட்பார்கள். அதனால் ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விசைத்தறிச் சங்கத் தலைவர் முத்துவேலப்பனுடைய பட்டறையில் சத்தம் மொத்தமாக அற்றுப்போனபோது, அக்கம்பக்கத்தார் கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டு வைதார்கள். லைன்மேன் வந்து ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தார், இறங்கி மீட்டரைப் பார்த்தார், கடைசியில் பட்டறைக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். தறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. ஊடு இழை கோக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது, துணி இறங்கிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. "கரண்டெல்லாம் இருக்குதுங்க, இது வேற ஏதோ ரிப்பேரு" என்று சொல்லிவிட்டு லைன்மேன் டீ குடிக்கப் போய்விட்டார்.

ரிப்பேர் தறியில் இல்லை, தறி ஓட்டிய ஆட்களிடம் இருந்தது. முந்தின இரண்டு நாளாக அவர்களுக்கு லேசாகக் காய்ச்சல், நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், வைக்காவிட்டால் தெரியாது. மூன்றாம் நாள் அந்தக் காய்ச்சல் இறங்கியபோது அவர்களுடைய சத்தத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இருமினால் சத்தமில்லை, தும்மினால் சத்தமில்லை, நடந்தால் செருப்புக்குச் சத்தமில்லை, அவர்கள் கையில் இருக்கிற எதற்கும், அவர்கள் ஓட்டுகிற எதற்கும் சத்தமில்லை, அவர்களைத் தூக்கிச் சுமப்பவர்களுக்கும் இறக்கி வைக்கும்வரை சத்தமில்லை. காது மட்டும் பழையபடி கேட்டது. ஊர் பேசுவதெல்லாம் அவர்களுக்கு வந்தது, அவர்களிடமிருந்து ஊருக்கு ஒன்றும் போகவில்லை. மத்தியானத்துக்குள் அதற்குச் சத்தந்தின்னி என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது எல்லா ஊருக்கும் உள்ள நம்பிக்கைதான்.

இந்தச் சமாசாரத்தை ஊருக்குச் சொன்னவள் அம்சவேணி. தண்ணீர் எப்போது விடுவார்கள், ரேசனில் என்ன வந்திருக்கிறது, யார் வீட்டில் சாவுக் கேதம், யாருடைய ஆட்டைக் காணோம், எந்தக் கட்சிக்காரர் எந்த மேடைக்கு வருகிறார் என்பதெல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குள் வரும். புருசன் அர்த்தநாரி ஓட்டுகிற ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், பின்சீட்டில் மைக்கோடு அம்சவேணி. தறிச் சத்தத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போகிற குரல் அந்த ஊரில் அவளுக்குத்தான் வாய்த்திருந்தது. யார் கூப்பிட்டாலும் போவாள், கொடுத்ததைப் படிப்பாள், படித்ததைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள், அந்தக் குறை தெரியாமல் அர்த்தநாரி காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்துத் தூக்கத்தில் குறட்டை வரும் வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பான். கல்யாணமாகி எத்தனையோ வருசம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு மதுமிதா என்று பெயர் வைத்து, இப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தது. ஆட்டோவில் போகும்போதும் மைக்குக்குப் பக்கத்தில் மடியில்தான் கிடக்கும்.

வேறு ஊராக இருந்தால் சத்தந்தின்னியைக் கண்டு அலறிப்புடைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். தறிக்காட்டுப்பாளையத்துக்கு அது அப்படிப் படவில்லை, அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பட்டறைக்குள் யாரும் வாயைத் திறந்து பேசிப் பழக்கமில்லை. அந்த இரைச்சலில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் தலைமுறையாக அங்கே எல்லாருக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கத் தெரியும், கையால் பேசத் தெரியும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்தது, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ, காதைத் தொட்டால் முதலாளி வருகிறார். சத்தம் போன முதல் வாரத்தில் யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை. "நாம எப்பப் பேசிக்கிட்டோம், இப்பப் புதுசா நிறுத்தறதுக்கு?" என்று சிரித்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க முடியாத தப்பு அது.

சொல்லப்போனால் அந்த வாரம் ஊர் சந்தோசமாகத்தான் இருந்தது. சத்தம் போன புருசனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று சண்டை போட்டதைப் பார்த்தவர்கள் நாட்டியம் பார்த்த மாதிரி இருந்தது என்றார்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பைக் ஓட்டுகிற பையன்களுக்குக் காய்ச்சல் வந்ததற்காகத் தலைமையாசிரியர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். டீக்கடையில் மாஸ்டருக்குச் சத்தம் போய், டீ ஆற்றும்போது கோடு போட்ட மாதிரி அது பாட்டுக்கு இறங்கியது, அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது, கூடியவர்களில் பாதிப் பேருக்கு மூன்றாம் நாள் சத்தம் போனது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளும் என்பது அப்படித்தான் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்தார்கள்.

சுகாதார நிலையத்து டாக்டர் ஷகிலா பானு மட்டும் சிரிக்கவில்லை. "நூறு பேருக்கு வந்தா தொண்ணூத்தஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆகாதுதான். மீதிப் பேருக்குத் தூக்கத்துல மூச்சு முட்டுது. மூச்சு முட்டற சத்தம் பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கே கேக்காது. அதான் எனக்குப் பயம்" என்றாள். கொஞ்ச நாள் பட்டறைகளை மூடி, மாரியம்மன் நோம்பித் திருவிழாவைத் தள்ளிவைத்து, எல்லாரும் தள்ளித் தள்ளி இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். முத்துவேலப்பன் கெட்ட மனுசர் இல்லை, அவருக்கு அவர் கவலை. தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய சரக்கு தறியில் இருந்தது, அதை நம்பி ஐந்நூறு அடுப்பு எரிந்தது. "மூடுனா சனங்க பசியில சாவாங்க, தொறந்தா சத்தமில்லாம பொழச்சுக்குவாங்க. எது தேவலை?" என்று அவர் கேட்ட கேள்வியிலும் நியாயம் இல்லாமல் போகவில்லை.

இரண்டு பேருக்கும் மைக் தேவைப்பட்டது, ஊரில் மைக் ஒன்றுதான். அதனால் காலையில் சங்கத்துக்காக ஆட்டோ கிளம்பும்: "அன்பார்ந்த பொதுமக்களே, சத்தந்தின்னி சாதாரணக் காய்ச்சலே, வதந்திகளை நம்பாதீர், வழக்கம்போல் வேலைக்கு வாரீர்." சாயங்காலம் அதே ஆட்டோ டாக்டரம்மாவுக்காகக் கிளம்பும்: "அன்பார்ந்த பொதுமக்களே, சத்தந்தின்னி சாதாரணக் காய்ச்சல் அல்ல, கூட்டம் கூடாதீர், வீட்டிலேயே இருப்பீர்." இரண்டையும் அம்சவேணி ஒரே இனிமையோடு சொன்னாள். "ஏனம்மிணி, இதுல எது நிசம்?" என்று மாவு மில் வாசலில் ஒரு அக்கா வழிமறித்துக் கேட்டபோது, "காலையில காலையிலது நிசமுங்க்கா, சாயங்காலம் சாயங்காலத்தது" என்றாள். அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

நோம்பி நெருங்கியது. கோயில் வாசலில் கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது, வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் உள்ளே வந்துவிடும், ஊர் பிதுங்கும். அதற்கு முன்னால் முடிவெடுக்கச் சங்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அந்தச் சங்கத்தில் சீட்டு எழுதி ஓட்டுப் போடுகிற வழக்கம் கிடையாது. தலைவர் கேட்பார், சம்மதப்பட்டவர்கள் கைதட்டுவார்கள், எந்தப் பக்கத்துக் கைதட்டல் பெரிசாகக் கேட்கிறதோ அதுதான் தீர்மானம், அதை மைக்கில் சொல்வது அம்சவேணியின் வேலை. டாக்டரம்மா பேசினாள், முத்துவேலப்பன் பேசினார், டீக்கடையில் வேடிக்கை பார்த்துச் சிரித்த கூட்டம் அவருக்கு விசிலடித்தது. "நோம்பி நடக்கட்டும், பட்டறை ஓடட்டும்ங்கறவங்க தட்டுங்கொ" என்றார் முத்துவேலப்பன். மண்டபம் அதிர்ந்தது. "வேண்டாங்கறவங்க?" என்றார். முன்வரிசையில் நாலைந்து பேர் தட்டினார்கள், சட்டியில் கடுகு பொரிந்த மாதிரி இருந்தது.

மேடையில் நின்றிருந்த அம்சவேணி மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே சுவரோரமாக, சத்தம் போனவர்கள் தனியாக நின்றிருந்தார்கள், கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை சிவக்கச் சிவக்க, தலைக்கு மேல் தூக்கித் தூக்கித் தட்டினார்கள். மூச்சு முட்டி எழுந்தவர்களும், எழுந்தவர்களைப் பார்த்தவர்களும் அவர்கள்தானே. ஒரு சொட்டுச் சத்தம் முன்னால் வரவில்லை. அம்சவேணி திரும்பி முத்துவேலப்பனைப் பார்த்தாள். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் சத்தம் சாஸ்தின்னு சொல்லம்மிணி, அதானே நம்ம வழக்கம்" என்றார். அவள் மைக்கை வாங்கி, நோம்பி நடக்கும், பட்டறைகள் ஓடும் என்று எப்போதும் போல இனிமையாகச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற, சத்தம் போயிருந்த சரஸ்வதியக்கா ராத்திரியில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் விழித்துத்தான் இருந்தார்கள். அவள் தண்ணிச் சொம்பை உருட்டிவிட்டிருந்தாள், கதவைத் தட்டியிருந்தாள், கதவின் உள்பக்கம் தட்டித் தட்டிச் சாயம் பெயர்ந்திருந்தது. அவளுக்கு முதலிலிருந்தே வீசிங் உண்டு என்றார்கள் ஒரு கட்சிக்காரர்கள். வீசிங் இருந்தவள் இத்தனை வருசம் எப்படி இருந்தாள் என்றார்கள் மறு கட்சிக்காரர்கள். கேத வீட்டில் உட்கார்ந்தும் அதையே பேசினார்கள். அம்சவேணி சாவு அறிவிப்பைச் சொல்லிக்கொண்டு போனாள். "நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு" என்கிற இடத்தில் அவளுக்கு முதல் தடவையாக நாக்குப் புரளவில்லை.

அடுத்த வாரம் அர்த்தநாரிக்குக் காய்ச்சல் வந்து இறங்கி, வீட்டில் பேச்சு நின்றது. பல் விளக்கும்போது அவன் வாய் அசைவதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள், என்ன சொல்கிறான் என்றும் புரிந்தது, அதே பழைய கதைதான். இத்தனை வருசம் காதில் வாங்காமல் விட்ட அந்தச் சளசளப்புக்கு மனசு ஏங்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் பாப்பாவின் உடம்பு சுட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, குழந்தை என்பதால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, தொட்டிலில் பாப்பா அழுதது. வாய் முழுக்கத் திறந்து, முகம் செவசெவ என்று சிவந்து, கண்ணீர் காதுக்குள் இறங்கியது. தறி ஓட்டும் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை இரைச்சலிலும் தன் பிள்ளை அழுகிற சத்தம் தனியாகக் கேட்கும், அந்த ஊரில் அதைத்தான் தாய்மை என்பார்கள். அம்சவேணிக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பாத்திரத்தை எடுக்கிற நேரத்துக்குள் பிள்ளை அழுகிறதா, திணறுகிறதா, தூங்குகிறதா என்று தெரியவில்லை. முதல் நாள் ராத்திரி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே விடியவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்குள் அவளுக்கும் காய்ச்சல் ஏறிவிட்டது. அர்த்தநாரியும் நோவின் அசதியில் கிடந்தான். தான் ஒரு பொழுது கண்ணை மூடினால் இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஆளே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காய்ச்சல் இறங்கிய அன்று அவள் புருசனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பாப்பாவை மடியில் போட்டு, மைக்கைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்று பேருக்கும் சத்தம் போயிருந்ததால் ஆட்டோவுக்கும் சத்தமில்லை, ஸ்பீக்கருக்கும் சத்தமில்லை. பட்டறையிலிருந்து ஆட்கள் சோற்றுக்குக் கிளம்புகிற நேரம். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து உதட்டை அசைத்துக்கொண்டு அம்சவேணி தெருவோடு வருவதை முதலில் பார்த்தவன் கையை ஆட்டி உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டான். அவர்கள் அடுத்த பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவள் குரல் கணீரென்று வந்தபோது வேலையை விட்டுத் தலையைத் தூக்காத சனம், அது இல்லாமல் வந்தபோது வாசலுக்கு வந்து நின்று அவள் உதட்டையே பார்த்தது.

"என்ற புள்ளை அழுவறா, எனக்குக் கேக்குலீங்க" என்றாள் அம்சவேணி. "இது எழுதிக் குடுத்தது இல்லீங்க, நானே சொல்றேன். காலையில நான் சொன்னது பொய்யிங்க, சாயங்காலம் சொன்னதுதான் நிசம். அன்னைக்கு மண்டபத்துல பின்னால நின்னவங்க தட்டுனதை நான் கண்ணால பார்த்தேன், பார்த்துட்டு மாத்திச் சொன்னேன். சரசக்கா கதவைத் தட்டுனாங்க, நமக்குக் கேக்குல. தறியை நிறுத்துங்கொ. நோவுல கெடக்கறவங்களுக்கு ஒரு ஆளு காவல் வேணும். கிட்டப் போவ வேண்டாம், சன்னல்ல இருந்து பாருங்கொ, மாரு ஏறி எறங்குதான்னு பாருங்கொ. என்ற ஊட்டுக்கும் யாராச்சும் வாங்கொ, எனக்குக் கண்ணைச் சொக்குதுங்க."

ஒவ்வொரு தெருவிலும் இதையே சொன்னாள். முத்துவேலப்பன் பட்டறைக்கு முன்னால் வந்தபோது அவர் படியில் நின்று கடைசி வரைக்கும் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கூலி வாங்காம அம்மிணி பேசி இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். கூட நின்றவர்கள் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. "அன்னைக்கு நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெயினை இறக்கினார். அவர் பட்டறை நின்றது, அதைப் பார்த்துப் பக்கத்துப் பட்டறை நின்றது, பொழுது சாய்வதற்குள் தறிக்காட்டுப்பாளையத்தில் ஒரு தறி ஓடவில்லை. யாரும் கரண்டு ஆபீசுக்குப் போன் போடவில்லை. சரக்கை நினைத்துச் சில பேர் முணுமுணுத்தார்கள், சங்கத்துப் பொதுப்பணத்திலிருந்து அரிசி மூட்டை இறங்கியதும் முணுமுணுப்பும் அடங்கியது. கம்பத்தைப் பூசாரி ஒருவரே நட்டார், சனம் அவரவர் வாசலில் நின்று கும்பிட்டது. மாரியம்மாளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை, அன்றைக்கு நல்ல மழை பெய்தது.

தறிக்காரர்களுக்குக் காவல் காக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே ஆள் நாலு தறியைச் சுற்றிச் சுற்றி வந்து எந்த இழை எப்போது அறும் என்று பார்த்துப் பழகிய கண்கள் அவை. சத்தமுள்ள வீட்டிலிருந்து ஒருவர் சத்தமில்லாத வீட்டு சன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார், அவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார்ந்தார். பேசாத சம்பந்தி வீட்டுக்கும் போனார்கள், வாய்க்கால் தகராறில் வெட்டுக்குத்து வரை போன பங்காளி வீட்டுக்கும் போனார்கள். எதிராளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதன்பிறகு அவன்மேல் பழைய கோபத்தை வைத்துக்கொள்வது கஷ்டம் என்று பலரும் பிற்பாடு சொன்னார்கள். ஊரில் அந்த நாட்களில் எத்தனையோ பேர் மூச்சு முட்டினார்கள், எத்தனையோ பேரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சரஸ்வதியக்காவுக்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை.

அம்சவேணி வீட்டு சன்னலுக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் முத்துவேலப்பன் வந்தார். யாரும் அவருக்கு அந்த முறையைக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, முக்காலியில் உட்கார்ந்து, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து தொட்டிலையே பார்ப்பார். "நீ தூங்கம்மிணி, நான் இருக்கறேனல்லொ" என்பார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கட்டையாகக் கிடந்து தூங்கினாள்.

அப்படி ஒரு மத்தியானம், பால் குடித்துக் கிடந்த பாப்பாவின் விலா உள்ளே குழிந்ததை அவர் பார்த்தார். உதடு நாவல் பழ நிறத்துக்குப் போனது. எழுந்து சாவியால் கம்பியில் தட்டினார், "அம்மிணி, அம்மிணி" என்று கத்தினார். அசதியில் அவளும் எழவில்லை, அர்த்தநாரியும் எழவில்லை. எட்ட நில்லுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும், தனக்குச் சர்க்கரை இருப்பதும், வயசும் அவருக்குத் தெரியாமல் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினார். பிள்ளையைத் தூக்கிய கணத்தில் அவர் செருப்புச் சத்தம் நின்றது, கத்திய சத்தமும் நின்றது. பெரிய உடம்புக்காரர், தொப்பை குலுங்க, வாயைத் திறந்து கத்திக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் மூன்று தெருவைக் கடந்து ஓடினார். சன்னல்களில் உட்கார்ந்திருந்த காவல்காரர்கள் அத்தனை பேரும் அவர் உதட்டைப் படித்தார்கள், படித்ததை முன்னால் முன்னால் கத்திச் சொன்னார்கள். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்து, டாக்டரம்மா ஆக்சிஜனோடு வாசலில் நின்றாள்.

அம்சவேணி விழித்துப் பார்த்தபோது தொட்டில் காலியாக இருந்தது. எதிர்வீட்டுச் சன்னலில் காவலிருந்தவள் எழுந்து நின்று, "ஆஸ்பத்திரியில, டாக்டரம்மாகிட்ட, நல்லாருக்கறா, நல்லாருக்கறா" என்று வாயாலும் கையாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்சவேணி தலைவிரிகோலமாக ஓடினாள். பாப்பா மூக்கில் குழாயோடு கண்ணை உருட்டி விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, காலை வெயில் ஏறுகிற நேரத்தில், பாப்பா பசித்து அழுதது. அழுகை கேட்டது. அம்சவேணி சோற்றுப் பானையை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். ஒரு தறியும் ஓடாத ஊரில் அந்த அழுகை தடுக்க ஆளில்லாமல் தெருவெல்லாம் போனது. வாசல்களில் சனம் வந்து நின்றது. யாரும் பேசவில்லை, பேசமுடிந்தவர்களும் பேசவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டார்கள், மாவு மில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அர்த்தநாரி "பாலைக் குடு, பாலைக் குடு, புள்ளை அழுவுதல்லொ" என்று கத்தினான். கத்தியபிறகுதான் தன் சத்தமும் வந்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது. அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. "கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம் அழட்டும், கேட்டுக்கறேன்" என்றாள் அம்சவேணி. அவள் குரல் கரகரவென்று, வேறு யாரோ பேசுவது போல வந்தது.

அன்று மத்தியானம் அவள் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு மைக் இல்லாமல் நடந்து போனாள். தன் வீட்டு சன்னலில் உட்கார்ந்த ஒவ்வொருவர் வாசலுக்கும் போய், மகராசியா இருங்க, நல்லா இருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியாக முத்துவேலப்பன் வீட்டுக்கு வந்தாள். அவர் கட்டிலில் கிடந்தார். சத்தம் போய் மூன்று நாளாகியிருந்தது, ராத்திரி ஒரு தடவை மூச்சு முட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே முக்காலியில் இருந்த ஆளை எழுந்து சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், அவள் உள்ளேயே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவர் உதடு அசைந்தது. "பாப்பா பால் குடிக்கறாளா?" என்று கேட்டது.

"குடிக்கறாளுங்க. காலையில சத்தம் வந்துருச்சுங்க. நீங்க இல்லீன்னா இன்னைக்கு எனக்குப் புள்ளை இல்லீங்க. அதைச் சொல்றதுக்கு எனக்கு வார்த்தை வருலீங்க" என்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாப்பா எப்படிக் குப்புற விழுகிறாள், எந்தக் காலை முதலில் தூக்குகிறாள், குளிக்க வைத்தால் எப்படிச் சிணுங்குகிறாள், எல்லாம் சொன்னாள். வீட்டில் வாயே திறக்காதவள் என்று பெயர் வாங்கியவள், அவர் நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காமல் வெயில் தாழும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. நடுவில் கையைத் தூக்கி, போதும், வீட்டுக்குப் போ, பிள்ளை தேடும் என்று பட்டறைச் சாடையில் காட்டினார்.

அம்சவேணி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

"தேடட்டுங்க. தறி ஓடலீங்களே, அவ அழுதா இங்க வரைக்கும் கேக்குமுங்க. நீங்க தூங்குங்க" என்றாள்.